பணம் வரும் வார்த்தைக் கணக்குகள்: பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

எண்மணி (கேள்வி)

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுப்பவர்களிடம் ஒரு கேள்வி. 345 × 12 என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் தடுமாறாமல் போட்டுவிடுகிறார்கள். 20-லிருந்து 13.75-ஐக் கழிக்கச் சொன்னாலும் சரியாக வருகிறது. அதையே விலை, மீதி, லாபம் என்று நாலு வரி வாசகமாகக் கொடுத்தால் பேனா நின்றுவிடுகிறது. நிற்காதவர்கள் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் சேர்த்து ஏதோ ஒன்று செய்துவிடுகிறார்கள்.

விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வருபவை இவை:

"அதிகம்" என்றிருந்தால் கூட்டல், "குறைவு" என்றிருந்தால் கழித்தல்.

"6 புத்தகங்களின் விலை 150 ரூபாய்" என்று தெளிவாக இருந்தாலும் 6 × 150 = 900.

7 ரூபாய் 5 பைசாவை 7.5 என்று எழுதுவது.

15% லாபத்தில் 690 ரூபாய்க்கு விற்ற பொருளின் அடக்க விலை கேட்டால், 690-இல் 15% கழித்து 586.50 என்று விடை.

"கணக்கை நன்றாகப் படி" என்று சொல்லிப் பயனில்லை, அவர்கள் படிக்கத்தான் செய்கிறார்கள். படிக்கும்போது கையும் மனமும் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்லித்தர வழி இருக்கிறதா?

கரும்பலகை

நீங்கள் எழுதியிருக்கும் நாலு தவறும் வெவ்வேறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். பிள்ளை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எதனுடைய எண் என்பதைக் கணக்கிலேயே விட்டுவிடுகிறது. 150 என்று குறித்துக்கொண்டால் அதை எதோடும் பெருக்கலாம். "6 புத்தகத்துக்கும் சேர்த்து 150 ரூபாய்" என்று குறித்துக்கொண்டால் 6-ஆல் பெருக்கக் கை வராது. ஆகவே முதல் பழக்கம், எந்த எண்ணையும் அதன் முழுப்பெயரோடு எழுதுவது.

செய்முறை இப்படி. முதல் வாசிப்பில் பேனாவைத் தொடக்கூடாது. இரண்டாவது வாசிப்பில் கடைசி வாக்கியத்தை மட்டும் பார்த்து, விடை வாக்கியத்தைக் கோடிட்ட இடத்தோடு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்: "திரும்பக் கிடைக்கும் மீதி ______ ரூபாய்." இதை முதலில் எழுதிவிட்டால், பாதிக் கணக்கோடு நின்று மொத்தச் செலவையே விடையாக எழுதும் தவறு பெரும்பாலும் போய்விடும். மூன்றாவது வாசிப்பில்தான் எண்களைக் கீழே இறக்க வேண்டும்.

ஒரு கணக்கு: ஒன்று 18 ரூபாய் வீதம் 7 பேனாக்களும், மொத்தம் 96 ரூபாய்க்கு 3 புத்தகங்களும் வாங்கி 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு?

ஒரு பேனாவுக்கு – 18 ரூ.
பேனாக்களின் எண்ணிக்கை – 7
3 புத்தகத்துக்கும் சேர்த்து – 96 ரூ.
கொடுத்த பணம் – 500 ரூ.

இந்த நாலு வரியை எழுதிய பிறகு, கணக்கில் சொல்லப்படாத ஆனால் நமக்குத் தேவைப்படும் தொகை எது என்று கேட்க வேண்டும். பேனாக்களுக்கு ஆன மொத்தம் தேவை. 7 × 18 = 126. இரண்டு மொத்தங்களும் கையில் வந்தபின் 126 + 96 = 222. மீதி 500 − 222 = 278 ரூபாய்.

இதே கணக்கில் 96-ஐ 3-ஆல் பெருக்கும் பிள்ளைக்கு 288, அதோடு 126 சேர்த்து 414, மீதி 86 என்று வரும். 86 ரூபாய் மீதி என்பது பார்வைக்கு ஒன்றும் அபத்தமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். "விடை பொருத்தமாக இருக்கிறதா பார்" என்ற அறிவுரை இந்த இடத்தில் உதவாது. எண்ணின் பெயர்தான் காப்பாற்றும்.

"வீதம்", "தலா", "ஆளுக்கு", "ஒவ்வொன்றும்" என்று வந்தால் அது ஒன்றுக்கான தொகை. "சேர்த்து", "மொத்தம்", "ஆக" என்று வந்தால் கூட்டுத் தொகை. இது ஒன்றுக்கா, எல்லாவற்றுக்குமா என்று பிரிக்கும் வேலைக்கு மட்டும் இந்தச் சொற்களை நம்பலாம். எந்தச் செயலி (கூட்டலா, கழித்தலா, பெருக்கலா, வகுத்தலா) போட வேண்டும் என்று முடிவு செய்யச் சொற்களை நம்பவே கூடாது. "கூட்டலுக்கான சொற்கள், கழித்தலுக்கான சொற்கள்" என்று வகுப்பில் அட்டவணை ஒட்டுவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். இரண்டாம் வகுப்பில் அது வேலை செய்வது போலத் தோன்றும். ஐந்தாம் வகுப்புக்குள் அதுவே பிள்ளையைக் கவிழ்க்கும்.

காரணம் இதோ. "அக்காவிடம் 40 ரூபாய் இருக்கிறது. தங்கையிடம் அக்காவைவிட 15 ரூபாய் அதிகம்." தங்கையிடம் 55. இப்போது வாக்கியத்தை மாற்றுங்கள்: "அக்காவிடம் 40 ரூபாய் இருக்கிறது. அது தங்கையிடம் இருப்பதைவிட 15 ரூபாய் அதிகம்." தங்கையிடம் 25தான். இரண்டிலும் அதே எண்கள், அதே "அதிகம்". சொல்லைப் பிடித்துக்கொண்டு போனவருக்கு இரண்டிலும் 55 வரும். எனவே எண்ணைத் தொடுவதற்கு முன் "யாரிடம் கூடுதல்?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் வாங்குங்கள். பிறகு இரண்டு பட்டைகள் வரையச் சொல்லுங்கள். கூடுதல் உள்ளவருக்கு நீளமான பட்டை, மற்றவருக்குக் குட்டையான பட்டை, நீளமான பட்டையில் துருத்தும் பகுதிக்கு மேல் 15. நமக்குத் தெரிந்த 40 எந்தப் பட்டை என்று குறித்தவுடன் செயலி தானாக விழும்.

பட்டை வரைவதன் உண்மையான பலம் மொத்தமும் வித்தியாசமும் ஒன்றாக வரும் இடத்தில் தெரியும். ஒரு புத்தகமும் ஒரு பேனாவும் சேர்ந்து 110 ரூபாய். புத்தகம் பேனாவைவிட 100 ரூபாய் அதிகம். பேனா என்ன விலை? பெரியவர்கள் உட்பட அநேகம் பேர் யோசிக்காமல் 10 என்பார்கள். 10 என்றால் புத்தகம் 100, வித்தியாசம் 90தானே? பட்டை வரைந்தால் துருத்தும் 100-ஐ வெட்டி எடுத்தபின் மிஞ்சும் 10 ரூபாயில் இரண்டு சம பட்டைகள் இருப்பது கண்ணுக்குத் தெரியும். பேனா 5, புத்தகம் 105.

தசமப்புள்ளி

மூன்றாவது தவறுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

7.5-ஐ "ஏழு ரூபாய் ஐந்து பைசா" என்று படிக்கும் பிள்ளைக்குப் புள்ளி என்பது ரூபாயையும் பைசாவையும் பிரிக்கும் வேலிதான். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்ற இடமதிப்பு அங்கே இல்லை. இதைச் சரிசெய்யும் வரை பணக்கணக்கில் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கம் என்ற விதியைக் கறாராக வையுங்கள். 7 ரூபாய் 5 பைசா = 7.05. 7 ரூபாய் 50 பைசா = 7.50. கால்குலேட்டரில் 7.5 என்று தெரிந்தாலும் தாளில் 7.50 என்றே எழுத வேண்டும். கூட்டும்போது புள்ளிக்கு நேர்கீழே புள்ளி. முழு ரூபாயாக இருந்தாலும் 20 என்று விடாமல் 20.00.

0.75 பைசா என்று எழுதுவதும் நிறைய வரும். 75 பைசாவை ரூபாயாக்கினால் 0.75 ரூபாய். 0.75 பைசா என்றால் ஒரு பைசாவில் முக்கால். விடைத்தாளில் இதைச் சின்னப் பிழை என்று விட்டுவிடாதீர்கள், தொகை நூறு மடங்கு மாறுகிறது. ஒரு கணக்கில் பைசாவும் ரூபாயும் கலந்து வந்தால் முதல் வரியிலேயே எல்லாவற்றையும் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும். 75 பைசா வீதம் 12 பொருள் என்றால் 75 × 12 = 900 பைசா, அதாவது 9 ரூபாய். சிறு பிள்ளைகளுக்கு இது 0.75 × 12 போடுவதைவிடப் பத்திரமான வழி.

மீதி கணக்கிடக் கழித்தல்தான் ஒரே வழி என்றில்லை. 13.75-லிருந்து 20 வரை ஏறிப் போகலாம்: 13.75-லிருந்து 14-க்கு 25 பைசா, 14-லிருந்து 20-க்கு 6 ரூபாய், மீதி 6.25. பூஜ்ஜியத்திலிருந்து கடன் வாங்கித் தடுமாறும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. கழித்தலில் செய்த விடையைச் சரிபார்க்கவும் இதையே பயன்படுத்தலாம்.

சமன்பாடு

கரும்பலகை சார் சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. பட்டை வரைவது எட்டாம் வகுப்பு வரை நீண்டால் அதுவே ஊன்றுகோலாகிவிடும். ஏழாம் வகுப்பில் எழுத்தைக் கொண்டு சமன்பாடு அமைப்பது வந்தபின் பட்டையை மெல்ல விலக்க வேண்டும். ஆனால் நேராகச் சமன்பாட்டில் தள்ளினாலும் புரியாமல் மனப்பாடம் ஆகும். நடுவே ஒரு படி உண்டு: "எல்லாம் ஒரே மாதிரி என்று வைத்துக்கொள்" என்ற முறை.

10 ரூபாய்த் தாள்களும் 50 ரூபாய்த் தாள்களுமாக 20 தாள்கள். மொத்தம் 520 ரூபாய். ஒவ்வொன்றிலும் எத்தனை? இதில் வழக்கமான தவறு 520-ஐ 60-ஆல் வகுக்கப் போவது. இரண்டு வகையும் சம எண்ணிக்கையில் இருந்தால்தான் அது செல்லும், இங்கே அப்படிச் சொல்லவில்லை.

20-உம் பத்து ரூபாய்த் தாள்கள் என்று வைத்துக்கொண்டால் 200 ரூபாய்தான் ஆகும். 320 குறைகிறது. ஒரு பத்தை எடுத்துவிட்டு ஒரு ஐம்பதை வைத்தால் 40 கூடும். 320 ÷ 40 = 8. எனவே ஐம்பது 8, பத்து 12. சரிபார்த்தால் 400 + 120 = 520.

இதை நாலைந்து முறை செய்த பிள்ளைக்கு, ஐம்பதின் எண்ணிக்கை 'ப' என்றால் பத்தின் எண்ணிக்கை 20 − ப, எனவே 50ப + 10(20 − ப) = 520 என்று எழுதுவது புதிதாக இருக்காது. சுருக்கினால் 40ப = 320. சற்று முன் வாயால் சொன்ன அதே 40, அதே 320 என்று காட்டுங்கள். அப்போதுதான் எழுத்து எதற்கு வந்தது என்று தெரியும்.

இந்த வகையில் எண்ணிக்கையும் மதிப்பும் கலந்துபோவதுதான் பெரிய ஆபத்து. "எத்தனை தாள்" என்று ஒரு பத்தி, "எவ்வளவு ரூபாய்" என்று பக்கத்தில் ஒரு பத்தி போட்டுத்தான் எழுத வைக்க வேண்டும். விகிதம் வரும்போது இது இன்னும் முக்கியம். 1, 2, 5 ரூபாய் நாணயங்கள் 4 : 3 : 2 விகிதத்தில் இருக்கின்றன, மொத்த மதிப்பு 100 ரூபாய் என்றால் பலர் 4 + 3 + 2 = 9 என்று கூட்டி 100-ஐ 9-ஆல் வகுக்கப் பார்ப்பார்கள். விகிதம் எண்ணிக்கைக்கு, 100 மதிப்புக்கு. இரண்டும் வேறு பத்தி. ஒரு கட்டு என்று எடுத்துக்கொண்டால் அதில் நாலு ஒரு ரூபாய் 4, மூன்று இரண்டு ரூபாய் 6, இரண்டு ஐந்து ரூபாய் 10, ஆக 20 ரூபாய். 100 ரூபாய்க்கு 5 கட்டு. நாணயங்கள் 20, 15, 10.

பங்கு பிரிக்கும் கணக்கிலும் இதேதான். 3 : 5 விகிதத்தில் பிரித்ததில் இரண்டாமவருக்கு 400 ரூபாய் கூடுதல் என்றால், 400 என்பது 8 பங்கின் மதிப்பு அல்ல, இடையில் உள்ள 2 பங்கின் மதிப்பு. ஒரு பங்கு 200, மொத்தம் 1600.

எண்மணி

மிக்க நன்றி. முழுப்பெயரோடு எழுதும் பழக்கத்தையும் இரண்டு பத்திகளையும் வகுப்பில் வைக்கப் போகிறேன். சதவீதம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. 690 கணக்கில் "15% லாபத்தில்" என்ற சொற்களுக்கு முழுப்பெயர் எழுதச் சொன்னால் "லாபம் 15%" என்றுதான் எழுதுகிறார்கள். அதில் தவறும் இல்லையே. தள்ளுபடி, வரி எல்லாம் சேர்ந்தால் இன்னும் குழப்பம்.

ஐந்தொகை

"லாபம் 15%" என்பது பாதிப் பெயர்தான் மேடம். எதில் 15% என்பது விட்டுப்போகிறது. சதவீதம் தனியாக நிற்காது, அதற்குப் பின்னால் ஒரு தொகை எப்போதும் இருக்கும். எனவே கணக்கில் % குறி எங்கு வந்தாலும் அதற்கு மேல் "எதன்மேல்?" என்று சிறிதாக எழுதி, பதிலையும் எழுதிய பிறகுதான் அடுத்த வரிக்குப் போகலாம் என்று விதி வையுங்கள்.

லாபமும் நட்டமும் அடக்க விலையின்மேல். தள்ளுபடி குறித்த விலையின்மேல். வரி, தள்ளுபடி போனபின் உள்ள விலையின்மேல். பள்ளிக் கணக்குகளில் வேறாகச் சொல்லாதவரை இப்படித்தான் கொள்ள வேண்டும்.

இனி 690. மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்:

அடக்க விலை – 100% – ?
லாபம் – 15% – ?
விற்ற விலை – 115% – 690 ரூ.

தெரிந்த தொகை எந்த வரியில் உட்காருகிறது என்பதுதான் கணக்கின் உயிர். 690 கடைசி வரியில் உட்காருகிறது. 115%-க்கு 690 என்றால் 1%-க்கு 6. அடக்க விலை 600, லாபம் 90. பிள்ளை எழுதிய 586.50-ஐ அப்படியே விட்டுவிடாமல் திருப்பி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 586.50-இல் 15% என்பது சுமார் 88 ரூபாய், இரண்டையும் கூட்டினால் 674.50-ஐக்கூட எட்டாது. 690 வரவில்லை. ஏன் வரவில்லை? கழித்த 15% பெரிய தொகையாகிய 690-இல் எடுத்தது (103.50), சேர்க்க வேண்டிய 15% சிறிய தொகையில். ஏறிய சதவீதத்திலேயே இறங்கினால் புறப்பட்ட இடத்துக்கு வர முடியாது. 25% ஏறிய விலை பழைய நிலைக்கு வர 20% இறங்கினால் போதும் என்பதை 100, 125, 100 என்று எழுதிக் காட்டினால் உடனே புரிகிறது.

இந்த மூன்று வரி அட்டவணை ஒன்றைக் கையில் பிடித்தால் மற்றவை எளிது. வாங்கியது 800, பழுது பார்க்க 200, விற்றது 1150. அடக்க விலை 800 அல்ல, 1000. லாபம் 150, அதாவது 15%. மேற்செலவைச் சேர்க்காதவருக்கு லாபம் 350, 43.75% என்று வரும். "பழுது", "கூலி", "ஏற்றி இறக்கும் செலவு" என எது வந்தாலும் அது விற்பவர் கையிலிருந்து போனதா என்று பார்த்து அடக்க விலையில் சேர்க்க வேண்டும்.

விலையை 40% ஏற்றிக் குறித்து, 25% தள்ளுபடி தருகிறார் ஒரு வியாபாரி. லாபம் 15% என்று பிள்ளைகள் சொல்வார்கள், 40-லிருந்து 25-ஐக் கழித்து. அடிப்படைத் தொகை வெவ்வேறாக இருக்கும் இரண்டு சதவீதங்களைக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. அடக்க விலை 100 என்று வைத்தால் குறித்த விலை 140, அதில் 25% என்பது 35, விற்ற விலை 105. லாபம் 5%தான். 20% தள்ளுபடிக்கு மேல் இன்னொரு 10% தள்ளுபடி என்றாலும் இதே வழி: 100, 80, 72. மொத்தத் தள்ளுபடி 28%, 30 அல்ல. தொகை எதுவும் தராத கணக்கில் 100 வைத்துக்கொண்டு தொடங்கலாம் என்பதைத் தனியாகவே சொல்லித்தர வேண்டும். விலையே கொடுக்கவில்லையே என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

வரிக்கு வருவோம். குறித்த விலை 2000, தள்ளுபடி 10%, வரி 5%. 200 போக 1800, அதற்கு வரி 90, கட்ட வேண்டியது 1890. 10-இல் 5 போக 5% குறையும் என்று 1900 எழுதுபவர் மேலே சொன்ன அதே குழியில் விழுகிறார். கூர்மையான பிள்ளை ஒன்று கேட்கும்: வரியை முதலில் போட்டுவிட்டுத் தள்ளுபடி கழித்தால்? 2100, அதில் 10% போக 1890. மொத்தம் மாறாது, ஏனென்றால் இரண்டுமே பெருக்கல், வரிசை மாறலாம். ஆனால் வரித்தொகை 90-க்குப் பதில் 100 என்று மாறிவிடும். கேள்வி வரியைக் கேட்டால் வரிசை முக்கியம்.

வரி சேர்த்து 1120 ரூபாய், வரி 12% என்றால் வரி எவ்வளவு? 1120-இல் 12% எடுத்தால் 134.40, அது தவறு. 112%-க்கு 1120, எனவே விலை 1000, வரி 120. இது உங்கள் 690 கணக்கின் இரட்டைப் பிறவி. இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுங்கள்.

இன்னும் ஒரு ஜோடியை அவசியம் கொடுங்கள். "10 வாங்கினால் 2 இலவசம்" என்பது எத்தனை சதவீதத் தள்ளுபடி? "12 பொருளின் அடக்க விலையும் 10 பொருளின் விற்ற விலையும் சமம்" என்றால் எத்தனை சதவீத லாபம்? இரண்டிலும் இடைவெளி 2தான். முதலாவதில் கையில் கிடைப்பது 12, அவற்றின் முழு விலையில் 2 பங்கு குறைகிறது: 12-க்கு 2, அதாவது 16⅔%. இரண்டாவதில் ஒரு பொருளின் அடக்க விலையை 10 என்று வைத்தால் விற்ற விலை 12, லாபம் 10-க்கு 2, அதாவது 20%. "எதன்மேல்?" என்ற கேள்வியைக் கேட்காதவர் இரண்டுக்கும் ஒரே விடை எழுதுவார்.

மேல் வகுப்புக்கு: ஒவ்வொன்றும் 990 ரூபாய்க்கு இரண்டு பொருள்கள் விற்றதில் ஒன்றில் 10% லாபம், மற்றதில் 10% நட்டம். லாபமுமில்லை நட்டமுமில்லை என்று எழுதாதவர் அபூர்வம். அடக்க விலைகள் 900, 1100. மொத்தம் 2000-க்கு வாங்கி 1980-க்கு விற்றிருக்கிறார். 20 ரூபாய், அதாவது 1% நட்டம். ஒரே விற்ற விலை, ஒரே சதவீதம் என்று வந்தாலே நட்டம்தான், எத்தனை ரூபாயாக இருந்தாலும். நட்டம் அடைந்த பொருளின் அடக்க விலை பெரிது, அதனால் அதன் 10%-உம் பெரிது.

மீதிக்கணக்கு

வகுத்தல் முடிந்தபின் வரும் தவறைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 230 ÷ 50 என்ற ஒரே வகுத்தலை மூன்று கேள்விகளாக்கிப் பாருங்கள்.

230 ரூபாய்க்குச் சில்லறை மாற்றும்போது அதிகபட்சம் எத்தனை 50 ரூபாய்த் தாள்கள் கிடைக்கும்? 4.
கையில் 50 ரூபாய்த் தாள்கள் மட்டுமே இருந்தால் 230 ரூபாய் கட்ட எத்தனை தாள் தர வேண்டும்? 5.
230 ரூபாயை 50 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு? 4.60 ரூபாய்.

4.6 தாள் என்று விடை எழுதுபவர் வகுத்தலைச் சரியாகச் செய்துவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டவர். கரும்பலகை சார் சொன்ன கோடிட்ட விடை வாக்கியம் இங்கேயும் உதவும், "______ தாள்கள்" என்று எழுதிவைத்த இடத்தில் 4.6 பொருந்தாது.

எது மலிவு என்ற கேள்வியிலும் ஒரு எச்சரிக்கை. 6 புத்தகம் 150, 10 புத்தகம் 240. ஒன்றுக்கு 25, 24 என்று வரும், பெரிய கட்டு மலிவு. ஆனால் தேவைப்படுவது 7 என்று கணக்கு சொன்னால்? தனிப் புத்தகம் 30 ரூபாய் என்றால் 150 + 30 = 180 போதும், 240 கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றின் விலை கண்டவுடன் நிறுத்தாமல் கேள்விக்குத் திரும்பிப் போக வேண்டும்.

ஐந்தொகை

வட்டி விட்டுப்போனது, சுருக்கமாகச் சேர்க்கிறேன். தனிவட்டியில் சூத்திரம் யாருக்கும் பிரச்சினை இல்லை, காலம்தான் பிரச்சினை. 6000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 8% வீதம் 9 மாதத்துக்கு வட்டி என்றால் 9-ஐ அப்படியே போட்டு 4320 என்று எழுதுவார்கள். முதலில் ஓர் ஆண்டுக்கு மட்டும் வட்டி கண்டுவிடச் சொல்லுங்கள்: 480. ஓர் ஆண்டைவிடக் குறைந்த காலத்துக்கு வட்டி 480-ஐத் தாண்டக்கூடாது என்று அப்போதே தெரிந்துவிடும். 9 மாதம் முக்கால் ஆண்டு, 360 ரூபாய். நாள்களில் கொடுத்தால் 365-ஆல் வகுக்க வேண்டும். பாடநூல்களில் 73, 146, 219 என்று வருவது அவை ஐந்தில் ஒன்று, இரண்டு, மூன்று பங்கு ஆண்டு என்பதால். வீதம் மாதத்துக்கா ஆண்டுக்கா என்பதையும் பார்க்க வேண்டும், மாதம் 2% என்றால் தனிவட்டியில் ஆண்டுக்கு 24%.

கூட்டுவட்டியைச் சூத்திரத்தில் தொடங்க வேண்டாம். 10,000 ரூபாய், 8%, 2 ஆண்டு: முதல் ஆண்டு வட்டி 800, இரண்டாம் ஆண்டு அசல் 10,800, வட்டி 864. மொத்தம் 1664. தனிவட்டி 1600. கூடுதலாக வந்த 64 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். முதல் ஆண்டு வட்டியான 800-இன்மேல் 8%. இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடும்போது வீதம் 4%, தவணை 4 என்று மாறுவதும் இயல்பாகவே வரும்.

எண்மணி

கடைசியாக ஒன்று. இதற்குப் பயிற்சி எப்படிக் கொடுப்பது? ஒரே வகைக் கணக்கு பத்து கொடுத்தால் மூன்றாவதிலிருந்து படிக்காமலே போடுகிறார்கள்.

கரும்பலகை

அதனால்தான் ஒரே வகையில் பத்து கொடுக்கக்கூடாது. எண்கள் ஒன்றாகவும் கேள்வி வேறாகவும் உள்ள ஜோடிகளாகக் கொடுங்கள். "6 புத்தகம் 150 ரூபாய், ஒன்று எவ்வளவு?" பக்கத்திலேயே "ஒரு புத்தகம் 150 ரூபாய், 6 எவ்வளவு?" ஐந்தொகை சார் தந்த ஜோடிகளும் அப்படித்தான். படிக்காமல் போட்டால் ஜோடியில் ஒன்று நிச்சயம் தவறும்.

வாரத்தில் ஒரு நாள் விடை காணவே வேண்டாம். ஐந்து கணக்கு கொடுத்து, எண்களின் முழுப்பெயர், விடை வாக்கியம், எந்தச் செயலி என்ற மூன்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணையும் அதற்கே கொடுங்கள். இன்னொரு நாள் தலைகீழாக: பலகையில் 500 − (7 × 18 + 96) என்று எழுதிவிட்டு, இதற்கு ஒரு கணக்கை நீங்களே எழுதுங்கள் என்று சொல்லுங்கள். 96-ஐ மூன்று பொருளின் மொத்த விலையாக எழுதுகிறார்களா, ஒரு பொருளின் விலையாக எழுதுகிறார்களா, அடைப்புக்குறியை மறந்து 500-லிருந்து பேனாவை மட்டும் கழித்து 96-ஐக் கூட்டும் கதையாக எழுதுகிறார்களா என்று பார்த்தால், யாருக்கு எது புரியவில்லை என்பது ஒரே தாளில் தெரிந்துவிடும்.